பக்கத்து வீட்டுச் சூடு

அன்று எங்கள் வாசலில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான். என் மனைவி. ஒன்பது வயது மகள், ஒரு ஸ்வெட்டருக்கு மேல் இன்னொரு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு. பக்கத்து வீட்டுப் பாயாக்காரர். அவருடைய மனைவி, கையில் கரித்துணியோடு. வாடகை வாங்க வந்த வீட்டு ஓனர். ஆறு பேர். தெருவே கூடியது, போலீஸ் வரப் பார்த்தது என்றெல்லாம் பிறகு பேசிக்கொண்டார்கள். பேசியவர்களில் ஒருவர்கூட அங்கே இல்லை. லைனில் மற்ற மூன்று வீட்டுக் கதவுகளும் சாத்தியிருந்தன. சாத்திய கதவுக்குப் பின்னால் நின்று ஒட்டுக் கேட்டவர்களை நான் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஆம்பூரில் ரயில் பாதையைத் தாண்டி, வரிசையாக ஐந்து வீடு கொண்ட லைன் எங்களுடையது. ஐந்துக்கும் மேலே ஒரே சரிவாக சிமெண்ட் ஷீட். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவில் உள்ள குறுக்குச் சுவர் ஏழடியோடு நின்றுவிடும். அதற்கு மேல் ஷீட் வரைக்கும் இரண்டடிக்கு ஒன்றும் கிடையாது. ஓனருக்குச் செங்கல் மிச்சம். முதல் வீட்டில் புருஷன் பெண்டாட்டி சண்டை என்றால் ஐந்தாவது வீட்டில் நியாயம் சொல்லலாம். நாங்கள் அந்த ஐந்தாவது வீடு. ஒரு பக்கம் வெளிச்சுவர், மறுபக்கம் பாயாக்காரர்.

அவர் ஆட்டுக்காலை ராத்திரி முழுக்கச் சின்னத் தணலில் வேகவைத்துப் பாயா ஆக்கி, காலையில் இட்லியோடு சேர்த்து ஃபேக்டரி கேட்டுக்கு எதிரே விற்கிறவர். முதல் ஷிப்டுக்குப் போகிற பாதி பேர் அவரிடம் தின்றுவிட்டுத்தான் உள்ளே போவார்கள். ஒன்பது மணிக்கு விறகு மூட்டுவார். முதல் ஒரு மணி நேரம் புகை. பிறகு விறகு பிடித்துக் கரியாகி, விடிகிறவரை பானை அதன்மேல் உட்கார்ந்திருக்கும். அந்தப் புகை எங்கே போகும்? ஏழடிச் சுவருக்கு மேலே நடந்து நேராக என் வீட்டுக்கு வரும்.

என் மகளுக்கு வீசிங் உண்டு. மழை பிடித்ததிலிருந்து மாசி வரைக்கும் எங்கள் வீட்டில் யாரும் முழுத் தூக்கம் தூங்கியதில்லை. அவள் நெஞ்சுக்குள் பூனைக்குட்டி கத்துவதுபோல ஒரு சத்தம் வரும். நான் அதற்கு முன்னாலேயே எழுந்திருப்பேன். சத்தம் வந்தால் பயம், வராவிட்டால் மூச்சே இல்லையோ என்று பயம். மூக்கருகே விரலை வைத்துப் பார்ப்பேன். என் மனைவி போர்வைக்குள்ளிருந்தே சொல்வாள்: "உசுரோட தான் இருக்குறா. நீ படு."

டாக்டர் இரண்டே வார்த்தை சொன்னார். புகை ஆகாது, குளிர் ஆகாது. எங்களுக்கு எழுதிக்கொடுத்த மருந்தைவிட அந்த இரண்டு வார்த்தைதான் எனக்குப் பெரிய வேலையாகப் போயிற்று. வெயிலுக்குப் பேர் போன ஜில்லாவில் குளிரைப் பற்றி யார் கவலைப்பட்டு வீடு கட்டுகிறார்கள்? இது சித்திரைக்காகக் கட்டிய வீடும் இல்லை, மார்கழிக்காகக் கட்டிய வீடும் இல்லை. வாடகைக்காகக் கட்டிய வீடு. ஷீட் பகலில் தோசைக்கல், விடிகாலையில் ஐஸ் பெட்டி.

நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதனாலோ என்னவோ, எதையாவது குறித்து வைத்துக்கொள்ளாவிட்டால் எனக்கு நம்பிக்கை வராது. மளிகைக் கடையில் கொடுத்த காலண்டரில், மகளுக்கு இழுத்த நாளுக்கெல்லாம் சிவப்புப் பேனாவில் வட்டம் போட்டு வந்தேன். வட்டங்கள் பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமை விழுந்தன. அதற்கு நானே ஒரு காரணமும் கண்டுபிடித்திருந்தேன். சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். தலை ஈரம் நெஞ்சில் இறங்குகிறது என்று முடிவு செய்து குளியலை நிறுத்தினேன். வட்டம் நிற்கவில்லை. மோரை நிறுத்தினேன். வாழைப்பழத்தை நிறுத்தினேன். அவள் கடைசியாக எப்போது வாழைப்பழம் தின்றாள் என்று அவளுக்கே மறந்துவிட்டது.

மிச்சம் இருந்தது புகைதான். அதைச் சொல்லிப் பாயாக்காரரிடம் மூன்று முறை போனேன். முதல் முறை "பாக்கலாம் தம்பி" என்றார். இரண்டாம் முறை பேசவே இல்லை. மூன்றாம் முறை, "பொகை புடிக்கலைன்னா பங்களா கட்டினு போ" என்றார். அவர் மனைவி உள்ளேயிருந்து சிரித்தது எனக்குக் கேட்டது. சுவர் ஏழடிதானே.

கார்த்திகை தீபம் முடிந்த மறுவாரம் அந்தச் சுவரை நானே மூடினேன்.

எனக்கு ஃபேக்டரியில் சோல் ஒட்டுகிற வேலை. பதினெட்டு வருஷமாக அதுதான். ஷூவுக்குள் வைத்துத் தைக்கிற ஃபோம், வெட்டிய துண்டாகக் கிலோ கணக்கில் கடையில் கிடைக்கும். பன்னிரண்டு கிலோ வாங்கினேன். மகளையும் மனைவியையும் வாலாஜாபேட்டையில் மனைவியின் அக்கா வீட்டில் இரண்டு நாள் விட்டேன், ஒட்டுகிற சொல்யூஷன் வாடை மகளுக்கு ஆகாது என்று. பாயாக்காரர் பானையோடு கிளம்பிப் போன நேரமாகப் பார்த்து ஸ்டூல் போட்டு ஏறினேன். மூங்கில் பட்டையில் சட்டம் கட்டி, சுவரில் ஒரு கை அகலத்துக்குச் சுரண்டி, தூசி தட்டி, சொல்யூஷன் முதல் கை, காய்ந்த பிறகு இரண்டாவது கை. விரல் வைத்தால் ஒட்டக் கூடாது, அந்தப் பதத்தில் ஃபோமை வைத்துச் சப்பாத்திக் கட்டையால் உருட்டி அழுத்தினேன். ஷூவுக்குச் செய்வதை அப்படியே சுவருக்குச் செய்தேன். நான் ஒட்டியது பிரிந்தது என்று பதினெட்டு வருஷத்தில் ஒரு ஜோடி திரும்பி வந்ததில்லை. குறுக்குச் சுவர் முடிந்ததும் வெளிச்சுவருக்கும் ஷீட்டுக்கும் நடுவில் இருந்த இடுக்கையும் அடைத்தேன். கீழே இறங்கி நின்று பார்த்தேன். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு முழு வீட்டுக்குள் நிற்கிறேன் என்று தோன்றிற்று.

அவர்கள் திரும்பி வந்த ராத்திரி புகை வரவில்லை. சத்தமும் பாதிதான் வந்தது. "நிம்மதியா இருக்குதுல்ல?" என்று மனைவியைக் கேட்டேன். "ஜில்லுன்னு இருக்குது" என்றாள். புது இடம்போல இருப்பதால் அப்படித் தோன்றுகிறது என்று சொல்லிவிட்டேன்.

மறுவாரம் ஷீட் வியர்க்க ஆரம்பித்தது. எங்கள் மூச்சும் சோறு வடித்த ஆவியும் போக வழியில்லாமல் மேலே போய் ஒட்டி, விடிகாலையில் தலையணையில் சொட்டியது. செவ்வாய்க்கிழமை மகளுக்கு இழுத்தது. வியாழக்கிழமை இழுத்தது. வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் மாஸ்க் மாட்டிக் காற்று வைத்தார்கள். எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. கதவின் அடியில் சாக்கு வைத்தேன். ஜன்னலுக்கு ஃபோம். இரண்டு கம்பளி வாங்கினேன். எத்தனை மூடுகிறேனோ அத்தனை குளிர்ந்தது. இரும்புச் சட்டியில் கரி போட்டு வைக்கலாம் என்றாள் மனைவி. மூடிய அறையில் கரி வைத்துத் தூங்கி எழுந்திருக்காதவர்களைப் பற்றிப் பேப்பரில் படித்திருக்கிறேன். அதைச் சொன்னதும், "எல்லாத்துக்கும் ஒரு சாவு வெச்சினு இருப்பியா நீ?" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

அந்தப் பக்கமும் சும்மா இல்லை. நான் அடைத்ததில் அவர்கள் வீட்டுப் புகைக்கு இருந்த ஒரு வழி அடைபட்டுப் போயிற்று. சுவரை முட்டுகிறார்கள், பானையைத் தட்டுகிறார்கள். ஒரு நாள் காலையில் என் சைக்கிள் சீட்டின் மேல் ஒரு வாளிச் சாம்பல் கொட்டியிருந்தது. நான் அவர்கள் குழாயடிக் குடத்தை உருட்டிவிட்டேன். மறைக்க என்ன இருக்கிறது, செய்தேன்.

இப்படி இருக்கும்போது ஜனவரியின் முதல் ஞாயிற்றுக்கிழமை வந்தது. சத்துவாச்சாரியிலிருந்து ஓனர் பஸ் பிடித்து வந்தார். குரங்குக் குல்லா, மப்ளர். அவர் வாடகையை எண்ணிக்கொண்டிருக்கும்போதே பாயாக்காரர் வந்துவிட்டார்.

"சார், நல்ல நேரத்துல வந்தீங்க. இவன் உங்க செவுத்துக்கு ஷூ போட்டுனு இருக்கான், பாத்தீங்களா?"

ஓனர் உள்ளே வந்து அண்ணாந்து பார்த்தார். "இன்னாயா இது? வேலூரு ஜில்லாவுல குளுருக்கு வீட்ட மூடுறவன இப்பத்தான் பாக்குறேன். இது இன்னா ஊட்டியா?"

"நீங்க இன்னாத்துக்கு சார் குல்லா போட்டுனு வந்தீங்க?" என்றாள் என் மனைவி.

"பஸ்ல ஜன்னல் ஓரம்மா."

பாயாக்காரர் என் பக்கம் திரும்பினார். "ஏன்யா, எம் பொண்டாட்டி கண்ண பாரு. பதினஞ்சு நாளா செவந்து கெடக்குது. செவுத்த மூட நீ யாரு?"

"எம் பொண்ணுக்கு மூச்சு நிக்குதுணா. உங்களுக்குக் கண்ணு செவக்குறது பெரிசாப் போச்சா?"

"ஆறு வருசமா நிக்காத மூச்சு இப்ப தான் நிக்குதா?" என்றார் அவர் மனைவி. "உம் பொண்ணுக்கு எத்தினி வாட்டி நான் பாயா ஊத்திக் குடுத்துருப்பேன். அப்பல்லாம் பொகை வரலியா?"

ஓனருக்கு எங்கள் மூச்சும் கண்ணும் முக்கியமில்லை. சுவர் முக்கியம். ஸ்டூலில் ஏறி ஃபோமின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தார். வரவில்லை. இரண்டு கையாலும் இழுத்தார். வந்தது. ஃபோமோடு ஒரு முறம் அளவுக்குச் சுவர்ப் பூச்சும் சேர்ந்து வந்து அவர் குல்லாமேல் விழுந்தது. உள்ளே செங்கல் தெரிந்தது. அத்தனை கோபத்திலும் எனக்குள் ஒரு மூலையில் பெருமையாக இருந்தது. சுவர்தான் விட்டது. ஒட்டு விடவில்லை.

"அட்வான்ஸ்ல அஞ்சாயிரம் புடிச்சுக்குவேன்" என்றார் ஓனர், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அப்போதுதான் என் மனைவி உள்ளே போய் அந்தக் காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்தாள். எங்கள் பக்கத்து நியாயத்துக்கு அவள் வைத்திருந்த கடைசி ஆயுதம். "பாருங்க சார். போன வருசம் பூரா எழுதி வெச்சிருக்காரு. இவங்க பொகைல எம் பொண்ணுக்கு எத்தினி நாள் இழுத்துச்சுன்னு நீங்களே எண்ணிக்குங்க."

ஓனர் கண்ணில் சுண்ணாம்பு. காலண்டர் பாயாக்காரர் கைக்குப் போயிற்று. அவர் ஜனவரியிலிருந்து ஆரம்பித்தார். தாளைத் திருப்பினார். மறுபடி முன்னால் போனார். அவர் மனைவி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"எல்லாம் ஞாயித்துக்கெழமயா இருக்குது?" என்றார் அந்த அம்மா.

ஞாயிற்றுக்கிழமை ஃபேக்டரி லீவு. கேட்டுக்கு எதிரே வியாபாரம் கிடையாது. அதனால் சனிக்கிழமை ராத்திரி அவர்கள் அடுப்பு மூட்டுவதில்லை. ஆறு வருஷமாகப் பக்கத்தில் இருக்கிறேன், எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் தெரிந்ததைத் தெரிந்ததோடு சேர்த்துப் பார்க்கவில்லை.

"கார்த்திக மொத வாரம், பொதங்கெழம ஒண்ணு, வியாழக்கெழம ஒண்ணு" என்று விரலை வைத்தார் பாயாக்காரர். "இது இன்னா நாள் தெரியுமா? நானும் இவளும் சோளிங்கர் மலைக்குப் போய் ரெண்டு ராத்திரி தங்கினோம். வீடு பூட்டிக் கெடந்துச்சு." டிசம்பருக்குத் திருப்பினார். "இங்க பாரு. நீ செவுத்த மூடுனதுக்கு அப்புறம் செவ்வா, வியாழன், வெள்ளி, திங்கள். எல்லாக் கெழமையும் வட்டம்." காலண்டரைச் சுருட்டி என் நெஞ்சில் ஒரு குத்து குத்தினார். "அடுப்பு எரிஞ்ச நாளு உம் பொண்ணு நல்லா தூங்கியிருக்குதுயா. பொகை பொகைன்னு என்னக் கொலகாரன் ஆக்கிட்டியே. ஆறு வருசம் எங்க வெறவுல ஓசில குளிர் காஞ்சிட்டு, எங்களுக்கே மூடி போட்டியா?"

"அப்பா," என்றாள் மகள். அவள் ஒருத்தி இருப்பதையே நாங்கள் மறந்திருந்தோம். "சூடான காத்து மேல தாம்பா போவும். எங்க மிஸ் சொல்லிக் குடுத்தாங்க."

"அப்ப ஏன்டி சொல்லல?"

"நீ பொகைய மூடப் போறேன்னு தானே சொன்ன? சூட்ட மூடப் போறேன்னு சொல்லலியே."

பாயாக்காரர் மனைவி அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். எனக்கு அந்தச் சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. எட்டாவதுக்கு மேல் போயிருந்தால் அந்தப் பாடம் எனக்கும் வந்திருக்குமோ என்னவோ.

நான் தோற்றுப்போய் நிற்கும்போது பேரம் பேசியது என் மனைவிதான். அவளுக்கு வெட்கப்பட நேரமில்லை. பக்கத்தில் குழந்தை இழுத்து இழுத்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

"ணா, டாக்டர் பொகையும் ஆவாதுன்னு தான் சொன்னாரு. வெறவ பின்னால சந்துல மூட்டுங்க. பொகை அடங்கினதும் தணல உள்ள கொண்டாந்து பானைய வைங்க. இவரு இன்னிக்கே செவுத்தப் பிரிச்சுடுவாரு."

"தணல அள்ளிக் கொண்டார்றது யாரு, உங்க ஊட்டுக்காரரா? தணல் சீக்கிரம் அடங்கும், மேல கரி போடணும். கரி வெல தெரியுமா?"

"எவ்ளோ வேணும்?"

"ராத்திரிக்கு இருவது."

"சனிக்கெழம?"

"சனிக்கெழம நான் எதுக்கு மூட்டணும்? பாயாவ யாரு குடிப்பா, நீ குடிப்பியா?"

"தண்ணி வைங்கணா."

"வெறுந் தண்ணிக்கு அம்பது. எனக்கு வியாபாரம் இல்லாத நாளு அது."

ஓனர் வாடகைப் பணத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே, "என் செவுத்து மேல தானே சூடு போவுது, எனக்கும் பங்கு உண்டா?" என்றார். அவர் தமாஷாகத்தான் சொன்னார். ஆனால் அடுத்த மாசம் நிஜமாகக் கேட்டுவிடுவாரோ என்று எனக்கு ஒரு வாரம் தூக்கம் போயிற்று.

அன்று மாலைக்குள் பிரித்தேன். ஒட்ட ஒரு பகல், பிரிக்க ஒரு பகல். பூச்சு முழுக்க வந்துவிட்டது. வெளிச்சுவர் இடுக்கில் வைத்த ஃபோமையும் ஒரு முழத்துக்கு எடுத்துவிட்டேன், பக்கத்தில் தணல் இருக்கிறதே, கெட்ட காற்று போக வழி வேண்டுமே என்று. இப்போதும் அது போதுமா என்று அவ்வப்போது ஏறி நின்று கையை வைத்துப் பார்க்கிறேன். மேலே வைத்த கையில் வெதுவெதுப்பாகப் படும். அதற்கு முன் ஆறு வருஷம் அங்கே ஒரு முறையும் நான் கை வைத்ததில்லை.

சமாதானம் ஆகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். பாயாக்காரர் என்னிடம் பேசுவதில்லை, நான் அவரிடம் பேசுவதில்லை. சனிக்கிழமை ராத்திரி சும்மா கொதித்த தண்ணீரை ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் மனைவி எங்கள் வாசலில் நங்கென்று வைத்துவிட்டுப் போவார். "காசு குடுத்த தண்ணி, ஊத்திக்குங்க." அதில் மகளைக் குளிப்பாட்டுவோம். எண்ணெயும் தேய்த்தோம். ஒன்றும் ஆகவில்லை. வாழைப்பழமும் கொடுத்தாயிற்று.

பொங்கலுக்கு ஃபேக்டரி நான்கு நாள் லீவு. கேட்டுக்கு எதிரே ஈ காக்கை கிடையாது. அந்த நான்கு ராத்திரிக்கும் என்ன செய்வது என்று போகிக்கு முந்தின நாளிலிருந்து எனக்குக் கவலை. போய்க் கேட்க மனசு வரவில்லை. "நீ போய்க் கேளு" என்று மனைவியிடம் சொன்னேன். "எம் மானம் இருவது ரூபாயோட போச்சு, இது உன்னுது" என்றாள். நான் போகவில்லை. மகளுக்கு இரண்டு ஸ்வெட்டர் போட்டு, இரண்டு கம்பளிக்கு நடுவில் படுக்க வைத்து, பக்கத்தில் இன்ஹேலரோடு உட்கார்ந்திருந்தேன். ஒன்பது மணிக்குப் பின்சந்தில் விறகு உடைக்கிற சத்தம் கேட்டது. பத்து மணிக்குச் சுவருக்கு மேலே சூடு வந்தது. நான்கு ராத்திரியும் வந்தது. பாயா வாசனை இல்லை, வெறும் தண்ணீர்.

தை முடிந்ததும் கணக்குப் பார்த்தேன். ஆறு வாரம். சாதாரண ராத்திரி முப்பத்திரண்டு, இருபது வீதம். சனிக்கிழமை ஆறு, ஐம்பது வீதம். தொள்ளாயிரத்து நாற்பது. எண்ணி எடுத்துக்கொண்டு போய் அவர் வாசலில் நின்று நீட்டினேன். அவரும் எண்ணினார்.

"இருநூறு கம்மியா இருக்குது."

"பொங்கலுக்கு நான் கேக்கலியே."

"நீ கேக்கல. அடுப்பு எரிஞ்சுதா, இல்லியா?"

"கேக்காதத நீங்க எரிச்சா நான் எதுக்குக் குடுக்கணும்?"

"சரிப்பா. உங்க ஊட்டுக் காலண்டரக் கேளு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து புதுக் காலண்டரைப் பார்த்தேன். போகி, பொங்கல், மாட்டுப் பொங்கல், காணும் பொங்கல். அவற்றுக்கு மறுநாள்களும் பார்த்தேன். ஒரு கட்டத்திலும் சிவப்பு வட்டம் இல்லை. கேட்காமல் கொடுத்ததற்கு விலை வைத்த ஆளிடம் தலை குனிந்து போக எனக்கு இன்னும் முடியவில்லை. வட்டம் இல்லாத அந்தக் கட்டங்களைப் பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை. பங்குனி பிறந்துவிட்டது, ஷீட் கொதிக்கிறது, குளிர் இருந்த இடம் தெரியவில்லை. பாயாக்காரருக்கு நான் தர வேண்டிய பாக்கி இருநூறு ரூபாய்.